தாய்மாரிடம் கேட்ட டொக்டர்

எழுவைதீவில் இருப்பவர் எக்ஸ்ரே எடுக்க வேண்டுமென்றால் கடல் கடக்க வேண்டும். போன வருடம் மார்கழி விடுமுறையில், என் சாச்சி இறங்குதுறைப் படியில் பாசி வழுக்கி விழுந்தபோதுதான் இது எனக்குச் சரியாக விளங்கியது.

சாச்சாவுக்குக் கருவாடும் கடலட்டையும் வாங்கி அனுப்பும் தொழில். அதற்காக அந்தத் தீவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இரண்டு வருடமாக இருக்கிறார்கள். சாச்சிக்குத் துணையாக விடுமுறையில் நான் போயிருந்தேன். அவர் விழுந்த செய்தி கேட்டு அயல் வீட்டுப் பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒருவர் நல்லெண்ணெய் கொண்டு வந்தார், இன்னொருவர் படகுக்காரரைக் கூப்பிட ஓடினார். கணுக்கால் பனங்காய் போல வீங்கியிருந்தது. படகில் ஊர்காவற்றுறை, அங்கிருந்து வாகனத்தில் ஒரு வைத்தியசாலை. எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் சிறு வெடிப்பு. மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு மாலைப் படகில் திரும்பிவிட்டோம்.

பன்னிரண்டு நாள் கழித்து இன்னொரு செய்தி தெரிந்தது. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து சாச்சி கர்ப்பமாயிருந்தார். வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர் திகதிகளை விரலில் எண்ணிப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்த அன்றே ஐந்து வாரம். மாவுக்கட்டைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, எக்ஸ்ரேக்கு முன் மாதவிடாய்த் திகதியை யாராவது கேட்டார்களா என்பது. ஒருவரும் கேட்கவில்லை. பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஒரு டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேட்டோம். முதலாவது டொக்டர் எக்ஸ்ரே என்ற சொல்லைக் கேட்டதுமே முகம் மாறினார். பிள்ளை குறையோடு பிறக்கலாம், இதை வைத்திருப்பது நல்லதா என்று யோசியுங்கள் என்றார். சாச்சாவின் நண்பர் ஒருவர் மூலம் தொலைபேசியில் கேட்ட இரண்டாவது டொக்டரோ சிரித்தார். எக்ஸ்ரே ஒன்றும் செய்யாது, எத்தனை எடுத்தாலும் பரவாயில்லை என்றார். எக்ஸ்ரே எடுத்தது உடம்பின் எந்த இடத்தில் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

அதன்பிறகு ஒரு வாரம் சாச்சி ஒழுங்காகச் சாப்பிடவில்லை. முஸல்லாவிலேயே இருந்தார். குடும்பத்தில் உயிரியல் பிரிவில் படிப்பவள் நான் ஒருத்திதான். இரண்டில் எது சரி என்று ஒரு இரவு என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கதிர்த்தொழிற்பாடு பாடத்தில் அரைவாழ்வுக் காலக் கணக்குகள் எல்லாம் செய்திருக்கிறேன். அவருடைய கேள்விக்கு அந்தக் கணக்குகளில் விடை இல்லை.

வீட்டுக்குள் கைபேசிக்கு அலை கிடைக்காது. கரையோரப் பனைகளுக்குக் கீழே நின்றுதான் தேடினேன். அப்படித் தேடும்போதுதான் அலிஸ் ஸ்டுவர்ட் என்ற பெயர் திரும்பத் திரும்ப வந்தது. கர்ப்பிணிகளும் எக்ஸ்ரேயும் பற்றி எதை எடுத்துப் படித்தாலும் கடைசியில் அவரிடம்தான் கொண்டுபோய்விட்டது. மேரி கியூரியைப் பற்றி எங்கள் சஞ்சிகையில் பலர் எழுதியிருக்கிறார்கள். மருத்துவ உலகம் நன்றாக அறிந்த இந்தப் பெண்ணைப் பற்றி ஒருவரும் எழுதியதாகத் தெரியவில்லை.

அலிஸ் 1906 ஒக்டோபர் 4ஆம் திகதி இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் ஒருவர். தாய், தந்தை இருவருமே டொக்டர்கள். அந்தக் காலத்தில் எட்டுப் பிள்ளை பெற்ற ஒரு தாய் டொக்டராகவும் இருந்தார் என்பதை நான் இரண்டு தடவை வாசித்து உறுதிப்படுத்திக்கொண்டேன். இருவரும் அந்த நகரத்துப் பிள்ளைகளின் நலனுக்காக உழைத்தவர்கள். மகளும் மருத்துவம் படிக்கக் கேம்பிரிட்ஜ் போனார். முதல் நாள் விரிவுரை மண்டபத்துக்குள் அவர் நடந்து போக, நிறைந்திருந்த ஆண் மாணவர்கள் அவருடைய ஒவ்வொரு அடிக்கும் காலால் தரையில் தட்டினார்களாம். ரியூஷன் வகுப்பில் எழுந்து ஒரு கேள்வி கேட்கவே எனக்குக் கால் நடுங்கும். அவர் நடந்துபோய் இருந்து படித்தார்.

1933இல் திருமணம், பிறகு இரண்டு பிள்ளைகள், லண்டனில் வைத்தியசாலை வேலை. இரண்டாம் உலகப் போர் வந்ததும் ஒக்ஸ்போர்டுக்குப் போனார். குண்டுகளுக்கு வெடிமருந்து நிரப்பும் தொழிலாளிகளின் இரத்தத்தை அந்த மருந்து எப்படிக் கெடுக்கிறது என்று ஆராய்ந்தார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் சுவாசப்பை நோயையும் ஆராய்ந்தார். 1946இல், நாற்பது வயது ஆகுமுன்பே, லண்டன் அரச வைத்தியர் கல்லூரி அவரைத் தன் உறுப்பினர் அவையில் சேர்த்தது. அந்த வயதில் அந்த இடம் கிடைத்த பெண் அதற்கு முன் இல்லை.

அதன் பிறகு ஏறுமுகம் என்றுதான் நாங்கள் நினைப்போம். நடந்தது வேறு. ஒக்ஸ்போர்டில் சமூக மருத்துவம் என்ற துறையைத் தொடங்கிய பேராசிரியர் ஜோன் றைல் 1950இல் இறந்துபோனார். பல்கலைக்கழகம் அந்தத் துறையை ஒரு சிறிய பிரிவாகச் சுருக்கி அலிஸிடம் கொடுத்தது. பணமும் இல்லை, செல்வாக்கும் இல்லை.

அந்த நாட்களில் பிரித்தானியாவில் பிள்ளைகளிடையே லூக்கீமியா என்ற இரத்தப் புற்றுநோய் கூடிக்கொண்டு வந்தது. இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகள்தான் அதிகம். அவருடன் வேலை செய்த டேவிட் ஹெவிட் என்ற புள்ளிவிபரவியலாளர் மரணப் பதிவுகளைப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார். காரணம் யாருக்கும் தெரியவில்லை. இவ்வளவு சிறிய வயதில் வருகிறதென்றால் பிறக்குமுன்பே ஏதோ நடந்திருக்க வேண்டும் என்று அலிஸ் யோசித்தார். பிறக்குமுன் நடந்ததை யாரிடம் கேட்பது? டொக்டர்களின் பதிவேடுகளில் எல்லாம் இருக்காது. தாய்க்கு ஞாபகம் இருக்கும். தானும் இரண்டு பிள்ளை பெற்றவர் என்பதால் அவருக்கு இது தோன்றியிருக்கலாம் என்பது என் ஊகம்.

ஆய்வுக்குக் கிடைத்த பணம் ஆயிரம் பவுண். அது வந்த இடத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டேன். எங்கள் பக்கத்து நாட்டைச் சேர்ந்த லேடி மெஹெர்பாய் டாட்டா 1931இல் லூக்கீமியாவால் இறந்தவர். அவருடைய கணவர் சேர் டொறாப்ஜி டாட்டா அடுத்த வருடமே மனைவியின் பெயரில் ஒரு நிதியத்தை ஆரம்பித்தார். அந்த நிதியம் கொடுத்த பணம்தான் அது. இந்தியப் பெண் ஒருவரின் மரணத்தால் உண்டான பணம் இருபது வருடம் கழித்து ஒக்ஸ்போர்டில் ஒரு பெண்ணின் கைக்கு வந்திருக்கிறது.

ஆயிரம் பவுணுக்கு நாடு முழுவதும் ஆட்களை அனுப்ப முடியாது. அலிஸ் கேள்விக்கொத்தை அச்சிட்டு, கட்டுக் கட்டாகத் தூக்கிக்கொண்டு, ரயிலில் ஊர் ஊராகப் போனார். நாட்டில் இருந்த 203 சுகாதாரத் திணைக்களங்களிடமும் உதவி கேட்டார். 1953 முதல் 1955 வரை புற்றுநோயால் பிள்ளையை இழந்த தாய்மாரையும், அதே ஊரில் அதே வயதில் சுகமாக இருக்கும் பிள்ளைகளின் தாய்மாரையும் சுகாதார உத்தியோகத்தர்கள் சந்தித்து ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். என்ன நோய் வந்தது, என்ன ஊசி போட்டார்கள், வீட்டில் நாய் பூனை உண்டா, நிறம் போட்ட இனிப்புச் சாப்பிட்டாரா என்று பல கேள்விகள். அவற்றுக்கு நடுவே கர்ப்பகாலத்தில் எக்ஸ்ரே எடுத்தீர்களா என்றும் ஒரு கேள்வி இருந்தது.

விடைத்தாள்கள் திரும்பி வரத் தொடங்கியதுமே அந்த ஒரு கேள்வி தனியாகத் தெரிந்தது. வயிற்றில் எக்ஸ்ரே எடுத்ததாகச் சொன்னவர்கள், பிள்ளையை இழந்த தாய்மாரிடையே மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்தக் காலத்தில் பிள்ளை எப்படிக் கிடக்கிறது, தாயின் இடுப்பெலும்பு போதுமான அகலமா, ஒன்றா இரண்டா என்று பார்க்க எக்ஸ்ரே எடுப்பது வழக்கம். எடுத்தவர்கள் நல்லது செய்வதாகவே நினைத்தார்கள். சிறிய அளவு ஒன்றும் செய்யாது என்பது டொக்டர்களின் பொதுவான நம்பிக்கை. சப்பாத்துக் கடைகளில்கூட எக்ஸ்ரே இயந்திரம் வைத்து, பிள்ளைகளின் பாதம் சப்பாத்துக்குள் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்த காலம் அது. நான் இதை முதலில் நம்பவேயில்லை.

1956இல் லான்செட் சஞ்சிகையில் முதற் குறிப்பும், 1958இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் முழு ஆய்வும் வந்தன. நன்றி சொன்னவர்கள் குறைவு. கோல்டர் ஹோல் அணுமின் நிலையத்தை மகாராணி திறந்துவைத்ததும் அதே 1956இல்தான். கதிர்வீச்சு நல்ல எதிர்காலத்தின் அடையாளமாக இருந்தபோது ஒரு பெண் வந்து, ஒரே ஒரு எக்ஸ்ரேகூட ஒரு பிள்ளையின் உயிரை எடுக்கலாம் என்றார். எதிர்த்தவர்கள் சொன்ன காரணம், பிள்ளையை இழந்த தாய் எதையாவது குற்றம் சொல்லத் தேடுவாள், நடக்காததையும் நடந்ததாக ஞாபகப்படுத்துவாள் என்பது. இது வெறும் குதர்க்கம் இல்லை. ஞாபகம் அப்படியும் செய்யும். ஆனால் இதைச் சொன்னவர்கள் தங்கள் பதிவேடுகளை எடுத்துச் சரிபார்த்திருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றியது.

1960இல் ஒருவர் சரிபார்த்தார். புகைத்தலால் சுவாசப்பைப் புற்றுநோய் வருகிறது என்று காட்டிப் புகழ்பெற்ற றிச்சர்ட் டோலும் அவருடைய குழுவினரும், எக்ஸ்ரே எடுத்த தாய்மாரின் 39,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பதிவேடுகளின் வழியே பின்தொடர்ந்தார்கள். லூக்கீமியா கூடவில்லை என்று எழுதினார்கள். டோலின் பெயருக்கு முன்னால் அலிஸின் பெயர் எம்மாத்திரம்! பலருக்கு அத்தோடு விடயம் முடிந்துவிட்டது. இப்போது பார்த்தால் அந்த ஆய்வின் பலவீனம் தெரிகிறது. லூக்கீமியா மிக அரிதான நோய். 39,000 பிள்ளைகளில் அதனால் இறந்தவர்கள் 9 பேர்தான். 9ஐ வைத்துக் கூடியது குறைந்தது என்று சொல்ல முடியாது. இதை விளங்க எங்கள் நிகழ்தகவுப் பாடமே போதும்.

இரண்டு வருடத்தில் பதில் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பிரையன் மக்மஹோன் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பிறப்புகளை வைத்து, தாயின் ஞாபகத்தைக் கேட்காமல் வைத்தியசாலைப் பதிவுகளை மட்டும் பார்த்தார். எக்ஸ்ரே பட்ட பிள்ளைகளில் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம். தாய்மார் பொய் சொல்லவில்லை. அப்படியிருந்தும் வயிற்று எக்ஸ்ரே வழக்கம் வேகமாக நிற்கவில்லை. கர்ப்பிணிகளுக்கு ஒலியலை ஸ்கான் பரவலான பிறகுதான் அது மெல்ல மெல்ல ஒழிந்தது. இடையில் கழிந்த வருடங்களில் பிறந்த பிள்ளைகளை நினைத்தால் மனம் கனக்கிறது.

அலிஸ் நிறுத்தவில்லை. அந்தக் கணக்கெடுப்பைப் பல வருடம் தொடர்ந்து செய்தார். 1974இல் ஒக்ஸ்போர்டிலிருந்து ஓய்வுபெற்றுப் பேர்மிங்ஹாமுக்குப் போனார். அறுபத்தெட்டு வயதில் எங்கள் மூத்தம்மாமார் பேரப்பிள்ளைகளோடு இருப்பார்கள். அவரோ அமெரிக்காவில் ஹன்போர்ட் அணுவாயுத ஆலைத் தொழிலாளரின் பதிவுகளை ஆராயப் போனார். அங்கேயும் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் கதிர்வீச்சுப் பட்டவர்களிடையே புற்றுநோய் கூடியிருப்பதாகக் கண்டார். அந்த ஆய்வுக்கு அவரை அழைத்த தோமஸ் மன்குஸோவுக்கு அரசாங்க ஒப்பந்தம் இல்லாமற் போனது. அந்த முடிவுகள் பற்றி அறிஞர்கள் நெடுங்காலம் விவாதித்தார்கள். 1986இல் சுவீடனில் வழங்கப்படும் சரியான வாழ்வுக்கான விருது அவருக்குக் கிடைத்தது.

எனக்கு அதைவிடப் பெரிதாகப்பட்டது 1997இல் நடந்தது. அதே றிச்சர்ட் டோல், வேக்போர்ட் என்பவருடன் சேர்ந்து எல்லா ஆய்வுகளையும் மீண்டும் பார்த்து, கருவிலிருக்கும் பிள்ளைக்கு 10 மில்லிகிறே அளவு கதிர்வீச்சே புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுகிறது என்று எழுதினார். அப்போது அலிஸுக்கு 90 வயது. 2002 ஜூன் 23ஆம் திகதி அவர் காலமானார்.

அவர் இறந்த மறு வருடம், அவருடைய ஆய்வை வெளியிட்ட அதே பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் ஒரு சிறிய ஆய்வு வந்தது. இரண்டு வைத்தியசாலைகளில் 130 டொக்டர்களிடம், நோயாளிகளுக்குத் தாங்கள் எழுதிக்கொடுக்கும் பரிசோதனைகளில் எவ்வளவு கதிர்வீச்சு இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். கிட்டத்தட்ட எல்லா விடைகளும் உண்மை அளவைவிடக் குறைவு. வயிற்றுக்கு எடுக்கும் ஒரு சி.டி. ஸ்கான் நூற்றுக்கணக்கான நெஞ்சு எக்ஸ்ரேக்களுக்குச் சமம் என்பது பலருக்குத் தெரியவில்லை. ஒலியலை ஸ்கானிலும் கதிர்வீச்சு இருக்கிறது என்று சிலர் நினைத்தார்கள்.

இன்னொரு ஆய்வு 1987இல் அதே சஞ்சிகையில் வந்தது. செர்னோபில் விபத்துக்குப் பிறகு கிரேக்கத்தில் நடந்ததைப் பற்றியது. அங்கே கர்ப்பிணிகளுக்குப் பட்ட கதிர்வீச்சு மிகச் சொற்பம். ஆனால் எவ்வளவு என்று சரியாகத் தெரியாத டொக்டர்கள் பயந்தார்கள், தாய்மாரும் பயந்தார்கள். அந்த நேரத்தில் ஆரம்ப நிலையில் இருந்த கர்ப்பங்களில் ஏறத்தாழ 23 சதவீதம் கலைக்கப்பட்டதாக ஆய்வாளர் மதிப்பிட்டிருக்கிறார்கள். பெற்றுக்கொள்ள விரும்பிய பிள்ளைகள். இதைப் படித்தபோது கரையில் நின்றபடியே அழுதுவிட்டேன். அலிஸின் காலத்து டொக்டர்கள் பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படவில்லை. கிரேக்கத்தில் பயப்படத் தேவையில்லாத இடத்தில் பயந்தார்கள். எங்கள் சாச்சிக்கு ஒரே வாரத்தில் இரண்டு வகையினரும் கிடைத்திருக்கிறார்கள்.

அன்றிரவு கொப்பியில் எழுதினேன். அலிஸின் காலத்து வயிற்று எக்ஸ்ரேயில் பிள்ளைக்குப் பட்டது 10 மில்லிகிறே அளவில். கணுக்காலுக்கு எடுத்தால் கதிர் வயிற்றின் பக்கம் போவதே இல்லை, சிதறி வருவது மட்டும்தான். அது 0.01 மில்லிகிறேக்கும் குறைவு. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாக ஒன்பது மாதத்தில் பிள்ளைக்குப் படுவது இதைவிடப் பல மடங்கு. சர்வதேசக் கதிர்ப்புப் பாதுகாப்பு ஆணைக்குழுவின் 2000ஆம் ஆண்டு அறிக்கையின்படி 100 மில்லிகிறேக்குக் குறைந்த எதுவும் கருவைக் கலைக்கக் காரணமாகாது. எழுதி முடித்து சாச்சிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இதை ஒரு டொக்டர் வாயால் கேட்க வேண்டும் என்றார். அது சரிதான். பதினேழு வயதுப் பிள்ளையின் கொப்பியை நம்பி ஒரு தாய் எப்படி நிம்மதியாக இருப்பார்?

அடுத்த கிளினிக் நாளில் மறுபடி கடல் கடந்தோம். மூன்றாவதாகப் பார்த்தவர் ஒரு வயதான பெண் வைத்திய நிபுணர். எக்ஸ்ரே என்றதும் பேனாவை எடுத்து, எந்த இடத்தில், எத்தனை தடவை, எந்தத் திகதியில் என்று வரிசையாகக் கேட்டு எழுதினார். பிறகு சாச்சியின் கையைப் பிடித்து, பிள்ளைக்கு இதனால் ஒன்றுமில்லை, போய் நன்றாகச் சாப்பிடுங்கள் என்றார். நான் கொப்பியை வெளியே எடுக்கவில்லை.

ஆவணியில் பெண் குழந்தை பிறந்தது, அல்ஹம்துலில்லாஹ். மாவுக்கட்டை வெட்டுவதற்கு முன், எலும்பு பொருந்திவிட்டதா என்று பார்க்க ஒரு எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருந்தது. அந்த அறை வாசலில் சக்கர நாற்காலி நின்றதுமே, உள்ளேயிருந்தவர் வாய் திறக்குமுன், தான் மூன்று மாதம் என்று சாச்சி உரத்துச் சொன்னார். வரிசையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சாச்சாவுக்குத்தான் வெட்கம்.